வெறும் வயிற்று வெள்ளிக்கிழமை

ஆஸ்பத்திரியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். காசிமேட்டு மீன் வாடையைத் தாண்டி, திருவொற்றியூர் பக்கமாகக் கடலோரச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கரை, மறுபக்கம் துறைமுகத்துக்குப் போக வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள். அக்குளில் ஒரு பெரிய கவரை இடுக்கியிருந்தேன். உள்ளே என் ஈரலின் படம் இருந்தது. அந்த ஈரலில் ஒரு கட்டி இருந்தது.

"புற்றுதான் சாமுவேல். ஆனா சின்னது. திங்கட்கிழமை பெட் சொல்லி வெச்சிருக்கேன், வந்து சேர்ந்துடுங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் "சரிங்கம்மா" என்றேன். வாசலுக்கு வந்தேன். ஒரு பக்கம் போனால் கொருக்குப்பேட்டை, எங்கள் சபை இருக்கிற இடம். நான் மறுபக்கம் திரும்பினேன்.

அழவில்லை. கால் மட்டும் தானாக நடந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். ஒரு இடத்தில் கஷ்டம் வந்தால் இன்னொரு இடத்துக்குப் போவேன். எண்ணூர் தாண்டினால் ஆந்திரா போகிற லாரி ஏதாவது நிற்கும். டிரைவருக்குப் பேச்சுத் துணை வேண்டும், ஏற்றிக்கொள்வார். நெல்லூரோ, அதற்கு மேலோ. அங்கே யாருக்கும் என் ஈரலைப் பற்றித் தெரியாது. எனக்கே மறந்துவிடும் என்று நினைத்தேன்.

சபையாரே, நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் ராயபுரத்தில் பிறந்தவன். ஐஸ் உடைத்தேன். கப்பலில் கண்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கும் வேலை செய்தேன். எண்ணெய்த் தொட்டி கழுவினேன். புனேயில் டீ மாஸ்டராக இருந்தேன், விசாகப்பட்டினத்தில் சிமெண்ட் மூட்டை இறக்கினேன். எந்த வேலையும் பிடிக்காமல் போனதில்லை. எந்த ஊரிலும் தங்கத்தான் முடியவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போனபிறகு ராயபுரத்துக்குத் திரும்பி வருவதற்குக் காரணமும் இல்லாமல் இருந்தது. ஆனாலும் அவ்வப்போது வருவேன்.

அப்படி ஒருமுறை வந்தபோது கண் மஞ்சளாகி, சோறு பிடிக்காமல் போனது. கீழாநெல்லி அரைத்துக் குடித்தேன். உப்பில்லாமல் சாப்பிட்டேன். மஞ்சள் குறைந்தது, அலுப்பு குறையவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து ஹெபடைடிஸ் பி என்றார்கள். எப்போது வந்தது என்று கேட்டேன். "பிறந்தப்பவே அம்மாகிட்டருந்து வந்திருக்கலாம், இத்தனை வருஷமும் சத்தமில்லாம ஈரல்ல இருந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா. தினமும் ஒரு மாத்திரை, நிறுத்தக் கூடாது என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் சபைக்கு வந்தேன். என்னைக் கூட்டிக்கொண்டு வந்தது சாராள் அக்கா. உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். காசிமேட்டில் இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை. நான் அங்கே ஐஸ் இறக்கும்போது, "இன்னா நைனா, மூஞ்சி மஞ்சா பூசின மாரி கீது? ஞாயித்துக்கெழம சும்மாதான கீற, சபைக்கு வா" என்றார். வந்தேன். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்தீர்கள். பாஸ்டர் ஐயா பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். கீழே கூட்ஸ் வண்டி போனது. ஐயா கையைத் தூக்கியபடி அப்படியே நின்றார். கடைசிப் பெட்டி போனதும் விட்ட வார்த்தையிலிருந்து ஆரம்பித்தார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் ரயில்வே யார்டில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் என்று பிறகு தெரிந்தது. இந்த இடம் எனக்குச் சரிப்படும் என்று அப்போது தோன்றியது.

மாத்திரையை நான் விடவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துப் போவேன். தீரும் நேரத்தில் சென்னைக்கு வந்து வாங்கிப் போவேன். ஒரு வருஷத்துக்கும் மேலான பிறகு ரத்தத்தில் வைரஸ் சோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டது என்றார்கள். அதை இதே இடத்தில் நின்று சாட்சியாகச் சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். சாராள் அக்கா கேசரி செய்து கொண்டுவந்தார். பாஸ்டர் ஐயா மட்டும் ஜெபத்துக்குப் பிறகு என்னைத் தனியாக அழைத்து, "மாத்திரைய நிறுத்திடாத தம்பி. மருந்து கொடுத்தவரும் அவரு அனுப்புன ஆளுதான்" என்றார். நிறுத்தவில்லை. ஆனால் ஸ்கேன் விஷயத்தில் சரியாக இருக்கவில்லை.

அதற்குக் காரணம் விசுவாசம் குறைந்ததோ கூடியதோ இல்லை. காரணம் டீ.

ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் வர வேண்டும் என்பார்கள். நான் வெறும் வயிற்றில்தான் போனேன். ஒரு டீ, தொட்டுக்கொள்ள ஒரு பன். துறைமுகத்தில் வேலை செய்கிற எவனையும் கேட்டுப் பாருங்கள். காலையிலிருந்து நாலு டீ குடித்திருப்பான். "சாப்பிட்டியா?" என்றால், "இன்னும் பச்சத் தண்ணி பல்லுல படல" என்பான். பொய் சொல்கிறான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். டீயை நாங்கள் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. அது கண்ணைத் திறக்கிற சமாசாரம்.

ஸ்கேன் அறை வாசலில் இருந்த அம்மா அதைச் சேர்த்தார்.

"ஏதாவது சாப்ட்டியா?"

"இல்லம்மா."

"டீ?"

"டீ மட்டும்தாம்மா."

"பால் டீயா?"

"ஆமாம்மா. ஒரு பன்னு."

"மட்டும்னு சொல்லிட்டு பன்னையும் சேத்துக்கிறியே! வயிறு பூரா காத்து நிக்கும், ஒண்ணும் தெரியாது. போ, வேற தேதி போட்டுத் தரேன்."

வேறு தேதி வரும்போது நான் வேறு ஊரில் இருப்பேன். திரும்பி வந்து இன்னொரு தேதி வாங்குவேன். அன்றைக்கும் பழக்க தோஷத்தில் கால் டீக்கடையில் போய் நிற்கும். அந்த அம்மாவுக்கு என் முகம் மனப்பாடம் ஆகிவிட்டது. "வந்துட்டாருப்பா டீ மாஸ்டர்" என்பார். புனேயில் நான் உண்மையாகவே டீ மாஸ்டராக இருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. வலி இல்லை, வைரஸ் இல்லை, உடம்பு மூட்டை தூக்குகிறது. அப்புறம் என்ன அவசரம் என்று விட்டுவிட்டேன். இப்படியே மூன்று முறை தவறிப்போனது.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

காக்கிநாடாவில் துறைமுக வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு மேஸ்திரி சொன்னார். நல்ல வேலை, தங்க இடமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ரயில். எனக்கு உள்ளே ஆசை கிளம்பிவிட்டது. அந்த வாரம் சபையில் உபவாச ஜெபம். நானும் உபவாசம் இருந்து, அந்த வழியைத் திறந்து கொடுக்கும்படி கேட்பது என்று முடிவு செய்தேன்.

சாராள் அக்காவுக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. வியாழக்கிழமை ராத்திரி ஜெபத்துக்குப் படியேறும்போதே சொன்னார். "தோ பார் சாமு, உபாசம்னா உபாசம். நடுவுல எந்திரிச்சி டீக்கடப் பக்கம் போன, நான் பாட்ட நிறுத்திட்டு உன் பேர் சொல்லி கூப்டுவேன்."

"டீ கூடவா அக்கா கூடாது?"

"தண்ணியே இல்லன்றேன், டீயாம் டீ!"

முதல் தடவையாக என் வாழ்க்கையில் ஒரு காலை டீ இல்லாமல் விடிந்தது. தலை விண்விண் என்று வலித்தது. முழங்காலில் நின்று கேட்டேன். "ஆண்டவரே, எனக்கு முன்னால் இருக்கிற வழியைத் திறந்து காட்டும்." வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பாதி ஜெபத்தில் ஒன்று நினைவுக்கு வந்தது. டப்பாவில் மாத்திரை தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ரயில், சனிக்கிழமை மாத்திரை தரமாட்டார்கள் என்றால், வாங்க இன்று ஒரு நாள்தான் உண்டு. மதியத்துக்குள் போகாவிட்டால் மருந்து ஜன்னலை மூடிவிடுவார்கள். எழுந்தேன். அக்காவும் எழுந்தார்.

"எங்க?"

"மாத்திரைக்கா. ஆஸ்பத்திரிக்கு."

"வழியில எத்தினி டீக்கட கீது தெரியுமா? நானும் வர்றேன், நட."

அவர் என்னோடு காவலுக்கு வந்தார். ஒவ்வொரு டீக்கடையைத் தாண்டும்போதும் எனக்கும் கடைக்கும் நடுவில் நடந்தார். "பார்க்காத, நேரா பார்த்துகினு வா" என்றார். தெருவில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

டாக்டரம்மா என் பழைய சீட்டுகளைப் புரட்டினார். "மாத்திரை தரேன். ஸ்கேன் எங்க?"

"தேதி தவறிப்போச்சும்மா. ஊருக்குப் போய்ட்டு வந்து எடுத்துக்கிறேன்."

"இதையேதான் போன தடவையும் சொன்னீங்க." அவர் வாசலைப் பார்த்தார். அப்போது ஸ்கேன் அறையிலிருந்து அந்த அம்மா எதற்கோ வந்தார். "மேடம், பதினோரு மணி பேஷண்ட்ட திருப்பி அனுப்பிட்டேன். டீ குடிச்சிட்டு வந்துகீறாரு" என்றார். என்னைப் பார்த்ததும், "ஐயையோ, இவரா" என்றார்.

டாக்டரம்மா என்னிடம் கேட்டார். "இன்னிக்கு ஏதாவது சாப்ட்டீங்களா?"

"இல்லம்மா."

ஸ்கேன் அம்மா சிரித்தார். "டீய அவரு கணக்குல சேக்க மாட்டாரு மேடம்."

சாராள் அக்கா முன்னால் வந்தார். "தண்ணி கூட குடிக்கல டாக்டரம்மா. ராத்திரிலருந்து உபாசம். வழி பூரா கூடவே வந்துகீறேன். நான் சாட்சி."

யாரோ ஒருவர் டீ குடித்ததால் காலியான இடத்தில் என்னைப் படுக்க வைத்தார்கள்.

ஸ்கேன் டாக்டர் வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவி, கருவியை விலாவுக்குக் கீழே ஓட்டினார். மூச்சை இழுத்துப் பிடி, விடு, இழுத்துப் பிடி, விடு. கருவி ஒரு இடத்தைத் தாண்டிப் போனது. பிறகு அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. "இழுத்துப் பிடி" என்றார். விடு என்று சொல்ல மறந்துவிட்டார். நானாகத்தான் விட்டேன்.

ஒரு புள்ளி தெரிகிறது, பெரிய ஸ்கேன் எடுத்தால்தான் என்ன என்று சொல்ல முடியும் என்றார்கள். காக்கிநாடா ரயில் நானில்லாமல் போனது. அடுத்த வாரம் பெரிய ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்த அன்றுதான் டாக்டரம்மா அந்த வார்த்தையைச் சொன்னார். அன்றுதான் நான் எண்ணூர் பக்கம் நடந்தது.

காத்திவாக்கம் வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஒரு பஞ்சர் கடையில் நெல்லூர் லாரி ஒன்று ஜாக்கியில் நின்றது. டிரைவரிடம் பேசினேன். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். "டயர் மாத்தினதும் கிளம்பிடுவேன், ஏறிக்கோ" என்றார். சரி என்று ஓரமாக உட்கார்ந்தேன். எதிரே முகத்துவாரத்தில் சிலர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் அவர்களுக்குப் பின்னால் நின்றன.

அப்போது ஜெபம் செய்தேன் என்று சொன்னால் அது சரியாக இருக்காது. சண்டை போட்டேன். உம்மிடம் வழி கேட்டேன், நீர் கட்டியைக் காட்டினீர் என்றேன். உபவாசம் இருந்ததற்கு இதுதானா என்றேன். மாத்திரையை விடாமல் போட்டேனே, வைரஸ் போய்விட்டது என்று எல்லார் முன்னாலும் சொன்னேனே, இப்போது எந்த முகத்தோடு அந்தப் படியில் ஏறுவேன் என்றேன். பதில் எதுவும் வரவில்லை. டயர்க்காரர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு டிவிஎஸ் வண்டியின் சத்தம் கேட்டது. பாஸ்டர் ஐயா ஓட்ட, பின்னால் சாராள் அக்கா. ஐயா யார்ட் சட்டையோடு வந்திருந்தார். அக்காவின் புடவையில் இறால் தோல் ஒட்டியிருந்தது.

அக்கா இறங்கும்போதே ஆரம்பித்தார். "போன்ன எத்தினி வாட்டி அடிக்கிறது? ஆஸ்பத்திரிக்கே போய் டாக்டரம்மாவ கேட்டு விஷயத்த தெரிஞ்சிகினு வர்றோம். செத்துகித்து போய்ட்டியோன்னு பார்த்தா, ஜம்முனு உக்காந்து காத்து வாங்கிகினுகீற!"

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கிறாங்க இவர! ஓடறதுக்குன்னு ஒரே ரூட்டு வெச்சிகினுகீற. போன வாட்டியும் இங்கதான் லாரி ஏறுன, அதுக்கு மிந்தியும் இங்கதான். ஒரு மாறுதலுக்காச்சும் பேசின் பிரிட்ஜ் பக்கம் ஓடக் கூடாது?"

டிரைவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் அப்படியே அழ ஆரம்பித்தது. அன்றைக்கு அழுதது அப்போதுதான்.

அக்கா என் பக்கத்தில் கல்லின் மேல் உட்கார்ந்தார். குரல் இறங்கியது. "எங்க வூட்டுக்காரரு கத உனக்கு சொல்லிக்கிறனா?"

ஈரல் என்று மட்டும் தெரியும் என்றேன்.

"அவருக்கும் இதேதான். மாத்திரயும் துன்னாரு, உடம்பும் நல்லாத்தான் இருந்துச்சி. ஸ்கேன் எதுக்குன்னு வுட்டுட்டாரு. வயித்துல வலி வந்தப்பறம்தான் போனோம். முத்திப்போச்சி, வூட்டுக்கு இட்டுகினு போங்கன்னுட்டாங்க." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "உனக்கு வலி வந்துச்சா சாமு?"

"இல்லக்கா."

"வலியே வரல. அதுக்குள்ள கர்த்தர் கைய புடிச்சி காட்டிக்கீறாரு. எனக்கு அப்டி காட்ட மாட்டாரான்னு எத்தினி நாளு அழுதுக்கீறேன் தெரியுமா? உனக்கு காட்டுனா, அத்த வுட்டுட்டு லாரி ஏறிகினு ஓட்றியே."

வழியைத் திறந்து காட்டும் என்று கேட்டேன். நான் நினைத்தது ரயில் வழி. காக்கிநாடாவுக்குப் போயிருந்தால் அந்தப் புள்ளி என்னோடு வந்திருக்கும். மூட்டை தூக்கிக்கொண்டே வளர்த்திருப்பேன். வலி வந்தபிறகுதான் தெரிந்திருக்கும். டீ இல்லாத ஒரு காலை, தீர்ந்துபோன மாத்திரை, யாரோ ஒருவர் விட்டுப்போன இடம், கூடவே நடந்து வந்து சாட்சி சொன்ன ஒரு அக்கா. இதெல்லாம் ஒரே நாளில் சேர்ந்தது. கேட்டதற்குப் பதில் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. அது பதில் என்று தெரியாமல் நான் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்திருக்கிறேன்.

பாஸ்டர் ஐயா, "திங்கட்கிழமை நான் நைட் டூட்டி. பகல்ல உன் கூட இருப்பேன்" என்றார். பிறகு அங்கேயே, பஞ்சர் கடை வாசலில், என் தலையில் கை வைத்து ஜெபித்தார். நெல்லூர் டிரைவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஜெபம் முடிந்ததும் ஜாக்கியை இறக்கினார். "அக்கா கூடப் போ. லாரி எப்பவும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு டிவிஎஸ்ஸில் மூன்று பேர் போக முடியாது. அக்கா ஷேர் ஆட்டோவில் வந்தார். ஐயாவின் பின்னால் உட்கார வைத்து என்னைக் கொண்டுவந்தார்கள். வழியில் குதித்துவிடுவேன் என்று அக்காவுக்குச் சந்தேகம். ஆட்டோவை எங்கள் பின்னாலேயே வரச் சொன்னார்.

திங்கட்கிழமை சேர்ந்தேன். கட்டி சின்னது, ஒன்றே ஒன்று, அறுக்கத் தேவையில்லை என்றார்கள். தோல் வழியாக ஊசி மாதிரி ஒரு கம்பியை விட்டு, சூட்டினாலேயே கட்டியைக் கருக்கிவிடுவார்களாம். டாக்டரம்மா படத்தைக் காட்டிச் சொன்னார். "இத்தனை வருஷம் மாத்திரைய விடாம போட்டதால ஈரல் இன்னும் தெம்பா இருக்கு. அதனாலதான் இதச் செய்ய முடியுது. இல்லேன்னா வேற பேச்சுதான்."

அப்போது நான் கேட்டேன். "வைரஸ்தான் இல்லையேம்மா. அப்புறம் இது எங்கிருந்து வந்துச்சு?"

இந்தக் கேள்வியை உங்களில் சிலரும் என்னிடம் கேட்டீர்கள். அன்றைக்குக் கொடுத்த சாட்சி பொய்யா என்று ஒரு சகோதரர் நேராகவே கேட்டார். கோபப்படவில்லை. எனக்கே அந்தக் கேள்வி இருந்தது. டாக்டரம்மா சொன்னது இதுதான். மாத்திரை வைரஸை அமுக்கி வைக்கும். புற்று வரும் வாய்ப்பை நிறையக் குறைக்கும். முழுக்க இல்லாமல் செய்துவிடாது. வைரஸ் பல வருஷம் இருந்து ஈரலில் விட்டுப்போன தழும்பு அங்கேயே இருக்கும். அதனால்தான் ரத்தம் சுத்தமாக இருந்தாலும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறோம் என்றார்.

எனக்கு அது என் வேலையை வைத்துத்தான் புரிந்தது. எண்ணெய்த் தொட்டியைக் காலி செய்தபிறகு உள்ளே எட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆனாலும் மீட்டரை இறக்கி வாயு இருக்கிறதா என்று பார்க்காமல் மேஸ்திரி ஒருவனையும் உள்ளே விடமாட்டார். ஆட்கள் மயங்கி விழுந்தது எல்லாம் காலித் தொட்டியில்தான். எண்ணெய் போனது உண்மை. மீட்டர் வேண்டும் என்பதும் உண்மை. என் பழைய சாட்சி பொய் இல்லை. அதற்குப் பிறகு மீட்டர் இறக்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

கம்பி விட்ட அன்று நீங்கள் எல்லாரும் மாடியில் உபவாசம் இருந்தீர்கள் என்று தெரியும். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. மருந்து கொடுத்ததில் பாதி தூக்கம். கண் விழித்தபோது விலாவில் ஒரு பிளாஸ்திரி, கட்டிலுக்குப் பக்கத்தில் பாஸ்டர் ஐயா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். நைட் டூட்டி முடித்து நேராக வந்திருக்கிறார். அவரை எழுப்பவில்லை. சத்தமில்லாமல் நன்றி சொன்னேன். அப்போதும் எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. நன்றி, நன்றி என்றுதான் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து எடுத்த படத்தில் கட்டி இருந்த இடம் கருகிய வடுவாக இருந்தது. அதற்குப் பிறகு எடுத்ததிலும் புதிதாக ஒன்றும் இல்லை. "திரும்ப வரலாம். அதனால இனிமே மூணு மாசத்துக்கு ஒருதரம் ஸ்கேன். மாத்திரை ஆயுசுக்கும். ஊர் சுத்தறத விட்டுட்டு இங்கயே இருங்க" என்றார் டாக்டரம்மா. இருக்கிறேன் என்றேன். இந்த முறை அப்படிச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து கொருக்குப்பேட்டை பக்கம் திரும்பினேன்.

உங்களில் யாராவது இந்த மாத்திரையைப் போடுகிறவராக இருக்கலாம். வெளியே சொல்லாமல் இருப்பீர்கள், பரவாயில்லை. ரத்தம் சுத்தம் என்று வந்தால் ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஸ்கேனுக்குத் தேதி வாங்குங்கள். ஸ்கேன் எடுப்பது அவரைச் சந்தேகப்படுவது ஆகாது. எனக்கு அவர் பதில் கொடுத்ததே அந்த அறையில்தான். நீங்கள் கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று என்றால் உடனே லாரி ஏறாதீர்கள். கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். என்னைப் போல ஓடுகிறவனையே பிடித்து வைத்தவர், உங்களை விடமாட்டார். நம்பிக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த நல்ல ரிப்போர்ட் வந்த மறுநாள் காலை வேலை தேடிக் கிளம்பினேன். மூட்டை தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருக்கிற பாய் டீக்கடையில் மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு, போய் நின்றேன். நான் டீ குடித்துவிட்டு ஸ்கேனுக்குப் போன அதே கடை. பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு டீ போட்டுக் கொடுக்கச் சொன்னார். குடித்தார். "நில்லு" என்றார். நின்றேன்.

பாய்லர் கொதித்தது. முதல் ஆளாக ஒருவர் வந்தார். துறைமுகத்து ஆள் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. அக்குளில் கவர்.

"ஒரு டீ, ஒரு பன்னு."

"ஸ்கேனாண்ணே?"

"ஆமா."

"வெறும் வயித்துல வரச் சொல்லலியா?"

"வெறும் வயிறுதாம்பா. இன்னும் பச்சத் தண்ணி பல்லுல படல."

நீட்டிய கிளாஸை நான் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவர் முறைத்தார். கல்லாவிலிருந்து பாய் கத்தினார். "ஏய், யாவாரத்த கெடுக்கவா வந்த? டீய குடு!"

"தரேன் பாய்" என்றேன். அந்த ஆளிடம் எதிர் வாசலைக் காட்டினேன். "மொதல்ல உள்ள போய்ட்டு வாங்கண்ணே. வெளிய வந்ததும் புதுப் பால்ல போட்டுத் தரேன். நான் இங்கயேதான் இருப்பேன்."

அவர் என்னையும் டீயையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சாலையைக் கடந்து உள்ளே போனார்.